இயற்கையைக் காப்பது விசுவாசக் கடமை: பனிமய மாதாவின் பெயர் தாங்கிய இரு ஊர்கள்

கனடாவின் மொன்றியல் நகரில், மவுண்ட் றோயல் மலையின் சரிவில் அமைந்துள்ளது கோட்-டெ-நெய்ஜ். இலங்கையில் போர் மூண்டதை அடுத்து 1980களிலிருந்து அந்நகருக்கு வந்த தமிழர்கள் குடியேறிய பகுதிகளில் இதுவும் ஒன்று.

இம்மலைச்சரிவின் பெரும் நிலப்பரப்பு கத்தோலிக்க நிறுவனங்களின் பொறுப்பில் உள்ளது. புனித சூசையப்பர் திருத்தலம் இங்கேதான் இருக்கிறது. 1854ஆம் ஆண்டு நிறுவப்பட்ட நோட்ர்-டாம்-டெ-நெய்ஜ் கல்லறைத் தோட்டம் சுமார் 139 ஹெக்டேர் பரப்புடையது. கனடாவின் மிகப் பெரிய கல்லறைத் தோட்டம் அதுவே.

2005ஆம் ஆண்டு கியூபெக் அரசு மவுண்ட் றோயலைப் பாதுகாக்கப்பட்ட வரலாற்று, இயற்கைப் பகுதியாக அறிவித்தது. 2023 ஏப்ரலில் வீசிய உறைபனிப் புயலில் கல்லறைத் தோட்டத்தின் மரங்கள் பல முறிந்தன. ஊழியர்களின் வேலைநிறுத்தமும் சேர்ந்துகொள்ள, தோட்டம் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது.

இந்த மரங்களைப் பேணுவது வெறும் நிர்வாகப் பணியா, அல்லது சமயக் கடமையா? கத்தோலிக்கத் திருச்சபையின் அதிகாரபூர்வப் போதனை இதற்குத் தெளிவான விடையைத் தருகிறது.

திருச்சபையின் போதனை

இயற்கை மீதான பொறுப்பு கிறிஸ்தவ விசுவாசத்தின் ஒரு பகுதி என்று பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 1990ஆம் ஆண்டின் உலக சமாதான தினச் செய்தியில் குறிப்பிட்டார். 2015 ஜூன் மாதம் வெளியான 'லௌதாதோ சீ' என்ற சுற்றுமடலில், அவருக்குப் பின்வந்த பாப்பரசர் பிரான்சிஸ் அதை மேலும் விரித்துரைத்தார்.

பூமியை ஆளும்படி மனிதனுக்குக் கட்டளையிடும் ஆதியாகம வசனத்தை, இயற்கையைச் சுரண்டுவதற்கான அனுமதியாகக் கொள்ள முடியாது என்பது அவரது வாதம். நிலத்தைப் பண்படுத்தவும் காக்கவும் மனிதன் வைக்கப்பட்டான் என்று அதே நூல் கூறுவதை அவர் சுட்டிக்காட்டினார். சூழல் சீர்கேட்டினால் முதலில் பாதிக்கப்படுவோர் ஏழைகளே என்பதால், இதை நீதி சார்ந்த பிரச்சினையாகவும் அவர் கண்டார்.

2025 ஏப்ரலில் காலமான பிரான்சிஸ், ரோம் நகரின் சாந்தா மரியா மஜ்ஜோரே பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். கோடைகாலத்தில் பனி பொழிந்த இடத்தில் அப்பேராலயம் எழுப்பப்பட்டதாக மரபு கூறுகிறது. பனிமய மாதா என்ற பெயர் அந்த மரபிலிருந்து பிறந்ததே. மொன்றியலின் கல்லறைத் தோட்டம் பிரெஞ்சு மொழியில் தாங்கியிருப்பதும் அதே பெயர்தான். பனியே காணாத தூத்துக்குடியில், 1982ஆம் ஆண்டு பேராலயமாக உயர்த்தப்பட்ட ஆலயமும் பனிமய மாதாவுக்கு உரியது.

தூத்துக்குடி கொடுத்த விலை

2018 மே 22ஆம் தேதி, ஸ்டெர்லைட் தாமிர உருக்காலையை மூடக் கோரிய போராட்டத்தின் நூறாவது நாளில், அந்தப் பேராலயப் பகுதியிலிருந்து மக்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் பேரணியாகச் சென்றனர். பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் கொல்லப்பட்டனர். பொலிசார் வரம்பு மீறியதாக நீதிபதி அருணா ஜெகதீசன் தலைமையிலான விசாரணை ஆணையம் பின்னர் முடிவு செய்தது.

மாசு குறித்த குற்றச்சாட்டுகளை ஆலையை நடத்திய வேதாந்தா நிறுவனம் மறுத்து வந்தது. எனினும் ஆலையைத் திறக்கக் கோரிய அதன் மனுவை இந்திய உச்ச நீதிமன்றம் 2024 பெப்ரவரியில் நிராகரித்தது.

இது சமயப் போராட்டம் அல்ல. எல்லா மதத்தவரும் இதில் பங்கேற்றனர். ஆனாலும் திருச்சபை சம்பந்தப்படும் இடங்களில் வேறொரு சிக்கல் எழுகிறது. கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு எதிரான போராட்டம் இடிந்தகரை லூர்து மாதா ஆலய வளாகத்தை மையமாகக் கொண்டு நடந்தபோது, அதன் பின்னணியில் வெளிநாட்டுப் பணம் இருப்பதாக இந்திய மத்திய அரசு குற்றம் சாட்டியது. 2012ஆம் ஆண்டு தூத்துக்குடி மறைமாவட்டம் சார்ந்த அமைப்புகளின் வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன. போராட்டக் குழுவினர் அக்குற்றச்சாட்டை மறுத்தனர்.

அறிவியல் கேள்விகளுக்குத் தீர்ப்புக் கூறுவதோ, அரசியலின் இடத்தைப் பிடிப்பதோ திருச்சபையின் வேலையல்ல என்று 'லௌதாதோ சீ'யே கூறுகிறது. ஆனால் நடைமுறையில், மீனவர் கிராமமொன்றில் மக்கள் கூடிப் பேசுவதற்கு உள்ள ஒரே பொது இடம் பல வேளைகளில் ஆலய முற்றமே. அங்கு போதனையையும் அரசியலையும் பிரிப்பது எளிதல்ல.

கனடாவில் இக்கடமை வேறு வடிவம் கொள்கிறது. ஆங்கில கனடாவின் இயேசு சபையினர், நிலக்கரி, எண்ணெய், எரிவாயு நிறுவனங்களிலிருந்து தமது முதலீட்டை விலக்கிக்கொள்வதாக 2016ஆம் ஆண்டு அறிவித்தனர். அந்த முடிவுக்காக எவரும் உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருக்கவில்லை.

போதனை இரு ஊர்களுக்கும் ஒன்றுதான். அதைக் கடைப்பிடிக்கக் கொடுக்க வேண்டிய விலையோ ஒன்றல்ல. பாதுகாப்பான நாடுகளில் வாழும் விசுவாசிகள், அந்த விலையைக் கொடுப்போருக்காக எவ்வளவு தூரம் குரல் கொடுப்பார்கள் என்பதே இக்கடமையின் உண்மையான உரைகல்லாக அமையும்.