பாதி விலைக் கார்!

பட்டாளத்தில் ஓடிய கார்! தூதரகத்தில் நின்ற கார்! பழசுதான், ஆனால் பாதி விலை! இப்படிப் பேசித்தான் தலையில் கட்டுகிறார்கள் தரகர்கள்.

2025 செப்டம்பர் 23-ஆம் நாள், கொச்சிச் சுங்கத்துறையினர் கேரளத்தில் பல இடங்களில் ஒரே நேரத்தில் சோதனை நடத்தினர். சோதனைக்கு இட்ட பெயர் 'நும்கோர்'. பூட்டான் மொழியில் வண்டி என்று பொருள். அன்று பிடிபட்டவை 36 வண்டிகள். திரைப்பட நடிகர்களின் வீடுகளும் தப்பவில்லை! பூட்டானிலிருந்து எல்லை தாண்டி வந்தவை, இராணுவத்தின் பெயராலும் அமெரிக்கத் தூதரகத்தின் பெயராலும் போலிப் பத்திரம் தயாரித்து, வேற்று மாநிலத்தில் பதிந்து, கைமாற்றப்பட்டவை என்றது சுங்கத்துறை.

நடிகருக்கு வழக்கறிஞர் உண்டு. வங்கி உத்தரவாதம் உண்டு. நாலாவது கையாக வாங்கி வாடகைக்கு ஓட்டும் தோழனுக்கு என்ன உண்டு?

"ஆர்.சி. புத்தகம் என் பேரில் இருக்கிறதே!" என்பான். இருக்கட்டும். அந்தத் தாள், சுங்கவரி கட்டியதற்குச் சான்றாகாது. 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 111-ஆம் பிரிவுப்படி, கள்ளத்தனமாக வந்த பொருள் யார் கையில் இருந்தாலும் பறிமுதலுக்கு உரியது. தெரியாமல் வாங்கியவனுக்குச் சிறை இல்லை. தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கியவனைத்தான் 135-ஆம் பிரிவு தண்டிக்கிறது. ஆனால் வண்டி? மனிதன் குற்றமற்றவன், கார் குற்றவாளி! அபராதம் கட்டி மீட்க 125-ஆம் பிரிவு வழி காட்டுகிறது. தடை செய்யப்பட்ட பொருளென்றால் அதுவும் அதிகாரி மனம் வைத்தால்தான்.

'நம்பக் காரணம்' என்கிறார்களே, அதையும் கவனிக்க வேண்டும். "இலட்சக்கணக்கில் குறைத்துக் கொடுத்தபோதே உனக்குச் சந்தேகம் வரவில்லையா?" என்று கேட்டால் என்ன விடை சொல்வது?

விற்றவனிடம் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். 1930-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. உரிமை இருக்கிறது, விற்றவன் இருக்க வேண்டுமே!

ஆகவே தோழர்களே, வெளிநாட்டிலிருந்து வந்த வண்டியென்றால், முன்பணம் நீட்டுமுன் 'பில் ஆஃப் என்ட்ரி' என்னும் சுங்கத் தாளைக் கேளுங்கள். சேசிஸில் பொறித்த எண்ணை நேரில் பார்த்து ஒப்பிடுங்கள். முதலில் பதிவான அலுவலகத்துக்கே எழுதிக் கேளுங்கள். "இன்னொருவர் ரொக்கத்தோடு காத்திருக்கிறார்" என்று தரகர் அவசரப்படுத்துவார். காத்திருப்பவரே வாங்கிக் கொள்ளட்டும்!