மூக்கு செய்யும் வேலை

இடுக்கி மாவட்டத்தில் மூணாறு இருக்கிறது. அது சுமார் 1,500 மீட்டர் உயரமுள்ள மலை ஊர். ஜனவரியில் அங்கே கடுங்குளிர். சில நாள் விடியற்காலையில் தேயிலைச் செடிமேல் உறைபனி படிந்திருக்கும்.

அதே மாதம் பாலக்காட்டில் வேறு மாதிரி. மலைகளுக்கு நடுவே உள்ள பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசும். உதடு வெடிக்கும்.

ஓர் ஊரில் குளிர்ந்த காற்று. இன்னோர் ஊரில் வறண்ட காற்று. ஆனால் நுரையீரலுக்கு வேண்டியது வெதுவெதுப்பான, ஈரமான காற்று. உடம்பின் சூடு 37 டிகிரி. உள்ளே போகும் காற்றும் ஏறக்குறைய அந்தச் சூட்டுக்கு வர வேண்டும். இந்த வேலையில் பெரும்பகுதியை மூக்கு செய்கிறது.

எப்படி?

மூக்கின் உள்ளே ஒவ்வொரு பக்கமும் மூன்று மடிப்புகள் உள்ளன. அவற்றில் நிறைய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. இரத்தத்தின் சூடு காற்றைச் சூடாக்குகிறது. சளி என்றால் பலருக்கு அருவருப்பு. ஆனால் காற்றுக்கு ஈரம் தருவது அதுதான். தூசியைப் பிடித்து நிறுத்துவதும் அதுதான். மூச்சை வெளியே விடும்போது, கொடுத்த சூட்டிலும் ஈரத்திலும் ஒரு பங்கை மூக்கு திரும்ப எடுத்துக்கொள்கிறது.

வாயால் மூச்சு விட்டால் இந்த வேலை சரியாக நடக்காது. தொண்டை வறளும். ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் குளிர்ந்த, வறண்ட காற்றால் இழுப்பு வரலாம்.

சுமையோடு மேடு ஏறும்போது வாய் தானாகத் திறக்கும். குளிர்காலத்தில் மூக்கையும் வாயையும் சேர்த்துத் துணி கட்டிக்கொள்வது நல்லது. மூச்சின் சூடும் ஈரமும் துணிக்குள் தங்கும்.

குழந்தை தினமும் வாயைத் திறந்தபடி, குறட்டை விட்டுத் தூங்குகிறதா? மூக்கில் அடைப்பு இருக்கலாம். மருத்துவரிடம் காட்ட வேண்டும்.