தோலுக்கும் தீக்கும் நடுவில் கொஞ்சம் களிமண்

தாராசுரத்தில் பட்டு வாங்கப் போகும் விவரமானவர்கள், ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டிப் பார்ப்பார்கள். முடி கருகும் வாசனை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. உருகி உருண்டையாக இறுகினால் பாலியஸ்டர். பட்டு ஒரு புரதம், அதனால்தான் அந்த வாசனை. நீங்க வெல்டிங் லேப்ல மாட்டுற தோல் கையுறையும் புரதம்தான். அதன் பெயர் கொலாஜன்.

புரதத்தில் நைட்ரஜன் அதிகம், சுலபத்தில் தீப்பிடிக்காது. பருத்தி தொடர்ந்து எரிய சுமார் 18% ஆக்சிஜன் போதும். இன்னொரு புரதமான கம்பளிக்கு சுமார் 25% வேணும். காற்றில் இருப்பதோ 21%.

அப்புறம் தோல் ஏன் எரியுது? நாம அதுல சேர்க்கிற பொருட்களாலதான். மென்மைக்காக உள்ளே எண்ணெய் ஏத்துறோம், பளபளப்புக்காக மேலே பாலியூரித்தேன் பூசுறோம். ரெண்டும் தீக்கு நல்ல தீனி.

இங்கதான் கனிமங்கள் வருது. அலுமினியம் ஹைட்ராக்சைடை சுமார் 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் சிதையும். 100 கிராமிலிருந்து கிட்டத்தட்ட 35 கிராம் நீர், ஆவியாக வெளியேறும். அந்த மாற்றமே வெப்பத்தை உறிஞ்சிக்கும். நீராவி எரியும் வாயுக்களை நீர்க்கச் செய்யும். மிஞ்சும் அலுமினா மேலே மூடிபோல் படியும். மெக்னீசியம் ஹைட்ராக்சைடும் இதையே 300 டிகிரிக்கு மேல் செய்யுது. ஆனா ஒரு சிக்கல்: பலன் தெரியணும்னா நிறைய சேர்க்கணும். அப்போ பூச்சு விறைத்து, மடிக்கிற இடத்தில் வெடிக்கும்.

அதுக்கு மாற்று, மான்ட்மொரில்லோனைட் என்ற களிமண். கோடையில் பாளம் பாளமா வெடிக்கிற வயல் மண்ணைப் பார்த்திருப்பீங்களே, நீரில் உப்பி வெயிலில் சுருங்கும் அந்தக் களிமண் வகையைச் சேர்ந்ததுதான் இது. இதன் ஒவ்வொரு அடுக்கும் சுமார் 1 நானோமீட்டர் தடிமன். அடுக்குகளைப் பிரித்துப் பூச்சில் சில சதவீதம் கலந்தாலே, வெப்பமும் வாயுவும் நேராகப் போக முடியாம சுத்தி வளைச்சுப் போகணும். அதனால் எரிவது மெதுவாகும்.

ஆனா சுடர் அணைஞ்சதும் சோதனை முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. குரோம் உப்பால் பதனிட்ட தோல், சுடர் போன பிறகும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கலாம். குரோமியமே அதற்கு வினையூக்கி. இந்தக் கனலை நிறுத்த, களிமண்ணை விடப் பாஸ்பரஸ் சேர்மங்கள்தான் உதவும். திருச்சி, திண்டுக்கல் பக்கம் ஆவாரம்பட்டை போன்றவற்றால் பதனிட்ட தோலில் குரோம் இல்லை, அதனால் இந்தத் தொல்லையும் குறைவு.

ஆகவே புராஜெக்ட்டுக்கு இதை எடுத்தால், சுடர் நேரம், கனல் நேரம் ரெண்டையும் தனித்தனியா அளங்க. கூடவே தோலை மடித்தும் பாருங்க.

லேப்ல ஒரு விஷயம்: கிரீஸ் ஊறின கையுறையோட வெல்டிங் பக்கம் போகாதீங்க. எந்தக் கனிமம் சேர்த்திருந்தாலும், அந்த கிரீஸ் தனியா எரியும். பொறி பட்ட இடம் கறுத்து, புகை விடாம வந்தால் உடனே கழற்றிடுங்க. சுடர் தெரியலைங்கிறதால தீ இல்லைன்னு அர்த்தமில்லை.