மூக்கைத் தூக்கி நிற்கும் தாத்தா காலத்து பிக்கப்... ஸ்பிரிங்கை வெட்டுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்!

அமெரிக்காவில் 1967 முதல் 1972 வரை வெளிவந்த செவர்லே சி10 பிக்கப் வண்டிகளுக்கு இன்றும் தனி மவுசு உண்டு. பண்ணையில் வைக்கோலும் தீவனமும் சுமந்து ஓய்ந்துபோன வண்டியைத் துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, புது இன்ஜின் மாட்டி மறுபடி சாலைக்குக் கொண்டுவருவது அங்கே பல குடும்பங்களில் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து செய்யும் வேலை.

மாதக்கணக்கில் உழைத்து, கடைசியில் ஜாக்கியிலிருந்து வண்டியை இறக்குகிறார்கள். அப்போதுதான் அந்த அதிர்ச்சி. பின்பக்கம் அழகாகத் தாழ்ந்திருக்கிறது, முன்பக்கமோ மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது!

பார்க்க நன்றாக இல்லை என்பதோடு இது முடிவதில்லை. ஸ்டீயரிங், பிரேக், ஹெட்லைட் மூன்றும் இந்த உயரத்தை நம்பித்தான் வேலை செய்கின்றன.

ஏன் தூக்குகிறது?

முதல் காரணம் எடை. பழைய வார்ப்பிரும்பு இன்ஜினைக் கழற்றிவிட்டு, அலுமினிய பிளாக் கொண்ட எல்.எஸ். ரக இன்ஜினை மாட்டுவது இப்போது வழக்கம். இது கணிசமாக எடை குறைந்தது. ஆனால், கீழே இருக்கும் ஸ்பிரிங் பழைய பாரத்துக்காகச் செய்யப்பட்டது. பாரம் குறைந்தால் ஸ்பிரிங் நிமிரத்தானே செய்யும்?

சிலர் பானட், பம்பர், ரேடியேட்டர் எதையும் மாட்டாமலே உயரத்தை அளந்துவிட்டுத் தலையில் கை வைப்பார்கள். எல்லாம் பூட்டிய பிறகு பார்த்தால் பாதிப் பிரச்னை காணாமல் போயிருக்கும்.

முதலில் காசு செலவில்லாத வேலைகள்

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, நான்கு டயர்களிலும் சரியான காற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஜாக்கியிலிருந்து இறக்கியதும் டயர்கள் தரையைக் கவ்விக்கொண்டு, சஸ்பென்ஷனை முழுதாக அமர விடாது. வண்டியைச் சில அடி தூரம் முன்னும் பின்னும் உருட்டி, பம்பரை நான்கைந்து முறை அமுக்கிவிட்ட பிறகே அளக்க வேண்டும். சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை உள்ள அளவை இரண்டு பக்கமும் எடுத்துக் குறித்துக்கொள்வது நல்லது.

அடுத்து, ஸ்பிரிங்கின் நுனி அதற்கான பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நுனி விலகி மேடேறி நின்றால், அந்தப் பக்கம் உயர்ந்துவிடும்.

மூன்றாவது, பலரும் கோட்டைவிடும் இடம். கன்ட்ரோல் ஆர்ம் எனப்படும் கைகள் ரப்பர் புஷ்களில் அசைகின்றன. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது அவற்றின் நட்டுகளை இறுக்கிவிட்டால், ரப்பர் அந்த நிலையிலேயே பிடிபட்டுவிடும். வண்டியை இறக்கியதும் அது முறுக்கேறி, இன்னொரு ஸ்பிரிங் போல வண்டியை மேலே தள்ளும். சீக்கிரமே கிழிந்தும் போகும். இதற்கான தீர்வு சுலபம். நட்டுகளைத் தளர்த்தி, வண்டியின் முழு பாரமும் சக்கரத்தில் இருக்கும்போது மறுபடி இறுக்கினால் போதும்.

வெட்டினால் என்ன ஆகும்?

இவ்வளவுக்கும் அசையவில்லை என்றால், 'ஒரு சுற்றை வெட்டிவிடலாமே' என்று தோன்றும். இங்கேதான் கணக்கு தெரிய வேண்டும்.

சி10-ல் ஸ்பிரிங் சக்கரத்தின் நேர் மேலே இல்லை, உள்ளே தள்ளி கீழ்க் கையின் மீது இருக்கிறது. கையின் நடுவில் ஸ்பிரிங் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஸ்பிரிங் 1 அங்குலம் குறைந்தால் வண்டி 2 அங்குலம் இறங்கும். கொஞ்சம் வெட்டினாலே நிறைய இறங்கிவிடும்.

இன்னொன்று, சுற்று குறையக் குறைய ஸ்பிரிங் விறைப்பாகும். வேலை செய்யும் 8 சுற்றுகளில் ஒன்றை வெட்டினால் விறைப்பு சுமார் 14 சதவிகிதம் கூடும். பள்ளம் மேடுகளில் இடுப்புக்குத்தான் வேதனை. கேஸ் டார்ச்சால் ஸ்பிரிங்கைச் சூடாக்கி அமர்த்துவது அதைவிட ஆபத்து. உருக்கின் பதம் போய், ஸ்பிரிங் எப்போது வேண்டுமானாலும் தொய்யலாம், உடையலாம்.

புதிய இன்ஜினின் எடைக்கு ஏற்ற ஸ்பிரிங்கை வாங்கிப் போடுவதே முறை. இன்னும் தாழ வேண்டுமா? 'டிராப் ஸ்பிண்டில்' கைகொடுக்கும். சக்கரம் சுழலும் அச்சை இது மேலே ஏற்றி அமைப்பதால், ஸ்பிரிங்கையும் கைகளின் கோணத்தையும் தொடாமலே வண்டி இறங்கும். சொகுசும் கெடாது.

ஒரு எச்சரிக்கை: அமுக்கப்பட்ட ஸ்பிரிங் நழுவினால் உயிரையே பறிக்கும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்து, ஸ்பிரிங் கம்ப்ரஸர் கொண்டு, பழகியவர் செய்ய வேண்டிய வேலை இது.

சட்டம் என்ன சொல்கிறது?

வண்டியின் உயரம் அமெரிக்காவில் சட்டசபை வரை போன விஷயம். வேண்டுமென்றே முன்பக்கத்தைத் தூக்கிப் பின்பக்கத்தைத் தாழ்த்தும் 'கரோலினா ஸ்குவாட்' மோகத்துக்கு வட கரோலினா 2021-லும், தென் கரோலினா 2023-லும் தடை போட்டன. பின் மட்கார்டைவிட முன் மட்கார்டு 4 அங்குலமோ அதற்கு மேலோ உயர்ந்திருக்கக் கூடாது. தூக்கிய பானட்டுக்கு முன்னால் குழந்தை நின்றாலும் ஓட்டுபவருக்குத் தெரியாது, ஹெட்லைட்டோ எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

கலிபோர்னியாவில் கதை நேர் எதிர். சக்கர விளிம்பின் அடிப்பகுதியைவிடக் கீழே வண்டியின் எந்த பாகமும் தொங்கக் கூடாது என்று 1950-களின் இறுதியில் சட்டம் வந்தது. சான் பெர்னார்டினோவைச் சேர்ந்த ரான் அகிரே என்ற இளைஞர் சளைக்கவில்லை. விமான ஹைட்ராலிக் பாகங்களைத் தன் கார்வெட் காரில் பொருத்தி, வேண்டும்போது ஏற்றி இறக்கும்படி செய்துவிட்டார்! அந்தத் தடை 2024 ஜனவரி முதல் விலகியது.

கடைசிப் படி

உயரம் சரியானதும் வேலை முடிந்துவிட்டதாக நினைத்துவிடக் கூடாது. வண்டி இறங்கும்போது சக்கரத்தின் சாய்மானம் மாறும். வீல் அலைன்மென்ட் செய்யாவிட்டால் புது டயரின் உள் ஓரம் தேயும், வண்டி நேராகப் போகாது. ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, டயர் எங்காவது உரசுகிறதா, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஹெட்லைட்டின் கோணத்தையும் திருத்த வேண்டும்.

இதையெல்லாம் முடித்த பிறகுதான் வீட்டிலிருப்பவர்களை வரிசையாக அந்த நீள சீட்டில் உட்காரவைத்து ஒரு ரவுண்டு போக வேண்டும். தாத்தாவின் வண்டி அழகாக இருந்தால் மட்டும் போதாதே, ஏறியவர்கள் அத்தனை பேரும் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும்!