ஃபஸ் பெட்டி அமைத்தல்

நரம்பொலி மாசற்று விளங்கல் வேண்டும் என்பது இசையறிந்தார் பலரது கொள்கை. ஆயின், மின்கிட்டார் வாசிப்போர் அவ்வொலியை வேண்டுமென்றே கரகரப்பாக்கிக் கொள்வதும் உண்டு. மருந்து என்னுஞ் சொல் பை என்பதனோடு புணருங்கால் மருத்துப்பை என மெல்லினம் வல்லினமாதல் போல, மெல்லிய நரம்பொலியை வன்மையுறத் திரிப்பது ஃபஸ் என்னும் சிறு பெட்டி. வாசிப்போர் அதனைக் காலால் மிதித்து இயக்குவர். நண்பர் ஒருவரின் கிட்டாருக்கென அப்பெட்டி ஒன்றை அமைக்கப் புகுந்து யாம் அறிந்தவற்றை ஈண்டுக் கூறுவாம்.

இவ்வொலி ஒரு பழுதினின்று பிறந்தது. 1961-இல் அமெரிக்காவில் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸின் பாட்டொன்றில், ஒலிப்பதிவுக் கருவி பழுதுற்றமையால் கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிட்டார் கரகரத்தது. பதிவுப் பொறியாளராகிய கிளென் ஸ்னாடி அப்பழுதை ஆராய்ந்து, அவ்வொலியையே தரும் மின்சுற்று ஒன்றை ஆக்கினார். அது 1962-இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்னும் பெயரால் விற்பனைக்கு வந்தது. 1966-இல் லண்டன் ஆர்பிட்டர் நிறுவனத்தார் வட்ட வடிவான ஃபஸ் ஃபேஸ் பெட்டியை வெளியிட்டனர். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வாசித்துப் புகழுறச் செய்தது இவ்வகையே. யாம் பின்பற்றியதும் இதன் சுற்றே.

அதன்கண் உள்ளவை இரண்டு டிரான்சிஸ்டர்களும், சில மின்தடைகளும் மின்தேக்கிகளும், 9 வோல்ட் மின்கலம் ஒன்றுமே. முதல் டிரான்சிஸ்டர் பெருக்கிய அலையை இரண்டாவது மேலும் பெருக்கும். மின்கலத்தின் அழுத்தத்தைக் கடந்து அலை உயர இடமின்மையால், அதன் முகடும் பள்ளமும் வெட்டுண்டு தட்டையாகும். அவ்வெட்டினின்று மூல ஒலியில் இல்லாத மேற்சுரங்கள் பல தோன்றும். அவையே கரகரப்பாக நம் செவிக்குப் புலனாகின்றன.

தொடக்கத்தில் இதற்கு ஜெர்மானிய டிரான்சிஸ்டர்களே பயன்பட்டன. அவை வெப்பம் ஏறுந்தோறும் மின்னோட்டத்தை மிகுதியாகக் கசியவிடும். ஒன்றுபோல் மற்றொன்று இராது. சிலிக்கனில் இக்குறை மிகச் சிறிது, விலையும் குறைவு. ஆதலின் யாம் சிலிக்கனையே தேர்ந்தோம்.

பழைய சுற்றின் அளவுகளை மாற்றாது அமைத்தமையே எம் முதற் பிழை. இரண்டாம் டிரான்சிஸ்டரின் ஏற்பானில் 4.5 வோல்ட் இருத்தல் வேண்டும். அளந்தபோது 3 வோல்ட்டே இருந்தது. காரணம் என்னை? ஜெர்மானியத்தின் அடிவாய்க்கும் உமிழ்ப்பானுக்கும் இடையே வேண்டுவது ஏறக்குறைய 0.2 வோல்ட், சிலிக்கனுக்கோ 0.6 வோல்ட். அதனால் இரண்டாவதில் மின்னோட்டம் மிகுந்து, 8.2 கிலோ ஓம் தடையில் அழுத்தம் பெரிதும் இறங்கிவிட்டது. அத்தடையை நீக்கி, 10 கிலோ ஓம் மாறுதடையை இட்டுத் திருகி, 4.5 வோல்ட்டுக்குக் கொணர்ந்தோம்.

பெருக்கம் மிக்கதே சிறந்ததென எண்ணி, 400 மடங்குக்கு மேற்பட்ட டிரான்சிஸ்டர்களை இட்டமை இரண்டாம் பிழை. கிட்டார் வாளாவிருப்பினும் பெட்டி இரைந்தது. இடையிடையே வானொலிப் பேச்சும் கேட்டது! நண்பர் முகம் வாடினார். ஏறக்குறைய 100 மடங்கினவற்றை மாற்றி இட்டு, அடிவாய்க்கும் ஏற்பானுக்கும் இடையே 100 பிகோஃபாரட் மின்தேக்கி ஒன்றைச் சேர்த்து, அழுத்தத்தை மீண்டும் 4.5 வோல்ட்டுக்குத் திருத்தினோம். இரைச்சல் அடங்கிற்று.

அன்று மாலை நண்பர் வாசித்தார். கிட்டாரின் ஒலித்திருகை அவர் குறைத்தபோது நரம்பொலி தெளிந்தது. கூட்டியபோது மீண்டும் முழங்கிற்று. பழைய ஜெர்மானியம் கிடையாதே என வருந்துவோர் உளர். அவர்க்கு யாம் கூறத் தக்கது ஒன்றே: பொருளின் அருமையினும் அளவறிந்து அமைத்தலே இங்கு ஒலியை ஆக்குகின்றது.