கடதாசி ஊரின் நூலகர்கள்

இலங்கையில் பொது நூலகம் என்பது உள்ளூராட்சி மன்றத்தின் கையில் இருப்பது. மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை ஆகிய மூன்றில் எது ஊரை நிர்வகிக்கிறதோ அதுவே கட்டடம் தரும், புத்தகம் வாங்கும். மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீற்றரில் இருக்கும் வாழைச்சேனையில் இந்தப் பொறுப்பு கோறளைப்பற்று பிரதேச சபையுடையது. பேத்தாழை பொது நூலகம் அந்தச் சபையின் கீழ் வருகிறது. பக்கத்து ஓட்டமாவடி கோறளைப்பற்று மேற்கு பிரதேச சபைக்கு உட்பட்டது. சபைகளுக்கு எல்லை உண்டு. வாசகர்கள் அதைப் பார்த்துப் புத்தகம் தேடுவதில்லை.

கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை இந்த நூலகங்களுக்கு வழிகாட்டுகிறது, பயிற்சி அளிக்கிறது. 1970ஆம் ஆண்டின் சட்டத்தால் தேசிய நூலகச் சேவைகள் சபையாகத் தொடங்கி, 1998இல் இப்போதைய பெயரைப் பெற்றது அது. ஆனால் அன்றாடம் எந்தப் புத்தகம் யார் கைக்குப் போகிறது என்பதைச் சட்டமோ சுற்றறிக்கையோ தீர்மானிப்பதில்லை. இரவல் மேசையில் இருப்பவருக்கு ஊரில் எத்தனை பேரைத் தெரியும், எத்தனை நூலைத் தெரியும் என்பதுதான் தீர்மானிக்கிறது.

காலையில் நூலகம் திறந்ததும் முதலில் நிரம்புவது பத்திரிகை மேசை. வீரகேசரி, தினகரன், தினக்குரல் மூன்றும் கைமாறிக் கைமாறி மடிப்புக் கலைந்து போகும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வேலைக்குக் காத்திருக்கும் பட்டதாரிகள், பஸ்ஸுக்கு நேரம் இருப்பவர்கள் அங்கே கூடுகிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும் அரசாங்க வர்த்தமானிக்கு ஒரு தனிக் கூட்டம் உண்டு. பதவி வெற்றிடங்களும் போட்டிப் பரீட்சை அறிவித்தல்களும் அதில்தான் வரும். விண்ணப்ப முடிவுத் திகதியைக் குறித்துக்கொண்டு போக ஒரு துண்டுத் தாள் கேட்பவர்களும் உண்டு. பாடசாலை விட்ட பிறகு நூலகத்தின் முகமே மாறிவிடும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் என்று கடந்தகால வினாத்தாள் தேடி வருபவர்களே அப்போது பெரும்பாலும். நாவல் வாசகர்கள் இந்த இரண்டு அலைகளுக்கும் இடையில், சத்தமில்லாமல் வந்து போகிறவர்கள். அவர்களில் பெண்கள் அதிகம். ரமணிசந்திரன் நாவல்களின் கட்டு எத்தனை முறை பிரிந்து ஒட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்தாலே எந்தத் தமிழ் நூலகத்திலும் இது தெரிந்துவிடும்.

வாசகர் கேட்பதும் அவருக்கு வேண்டியதும் ஒன்றாக இருப்பது அபூர்வம். நூலகவியல் இதைத் தனியொரு பாடமாகவே கற்பிக்கிறது. மேசையில் நடப்பது பெரும்பாலும் இப்படி இருக்கும்:

“மிஸ், வாவியப் பத்திப் புத்தகம் இருக்கா?”

“எதுக்கு மகள்?”

“ஒப்படைக்கு. மீன்பிடியப் பத்தி எழுதணும்.”

“எந்த வாவி? மட்டக்களப்பு வாவியா, நம்மட வாழைச்சேனை வாவியா?”

பிள்ளை அப்போதுதான் யோசிக்கிறது. அந்தக் கடைசிக் கேள்வி வந்திராவிட்டால் மட்டக்களப்பு வாவி பற்றிய பொதுவான ஒரு நூலை எடுத்துக்கொண்டு போய், தன் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் நீரைப் பற்றி ஒரு வரியும் இல்லாத ஒப்படையைக் கொடுத்திருக்கும். வாழைச்சேனை வாவியை ஒட்டி மீன்பிடித் துறைமுகமே இருக்கிறது. அங்கே வேலை செய்யும் ஒருவரிடம் போய்க் கேட்கச் சொல்வதும் நூலகரின் பதிலில் சேரும். நூலில் இல்லாததற்கு ஆளைக் காட்டுவது நூலகத் தொழிலுக்கு வெளியே உள்ள காரியமல்ல.

சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். இரங்கநாதன் 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். நூலுக்கு ஒரு வாசகர் கிடைக்க வேண்டும் என்பதையும், வாசகருக்கு ஒரு நூல் கிடைக்க வேண்டும் என்பதையும் அவர் இரண்டு தனி விதிகளாக வைத்தார். முதற்பார்வையில் ஒன்றையே இரண்டு முறை சொல்வதாகத் தோன்றும். இரண்டாவது வாசகரின் பக்கம் நின்று பேசுவது; கேட்டு வருபவரைக் காக்க வைக்காமல் கொடுத்தால் அது நிறைவேறிவிடும். முதலாவது நூலின் பக்கம் நின்று பேசுவது. யாரும் கேட்காமல் தட்டில் கிடக்கும் புத்தகத்தை எடுத்து, “இது உங்களுக்குப் பிடிக்கும்” என்று ஒருவரிடம் நீட்ட வேண்டும். நீட்டுகிறவர் அந்தப் புத்தகத்தைப் படித்திருக்க வேண்டும், அந்த மனிதரையும் அறிந்திருக்க வேண்டும். சிறிய ஊர் நூலகங்கள் பெரிய நகர நூலகங்களை வெல்லக்கூடிய ஒரே இடம் இதுதான்.

நூலகர்கள் தங்களுக்குள் கூடினால் பேச்சு விரைவிலேயே பணத்துக்கு வந்துவிடும். ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் புத்தகத்துக்கு ஒதுக்கும் தொகைக்குள், விலைமனு பெற்று, அனுமதி பெற்று வாங்க வேண்டும். தமிழ் நாவல், கவிதை, சிறுவர் நூல் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வருவதால் அவற்றின் விலை இலங்கை ரூபாவின் மதிப்போடு ஏறி இறங்குகிறது. 2022இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் சில மாதங்களுக்குள் 350 ரூபாவைத் தாண்டியது. அதே ஒதுக்கீட்டில் வாங்கக்கூடிய புத்தகங்களின் எண்ணிக்கை அதற்கேற்பச் சுருங்கியது. அந்த ஆண்டு மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போயின.

வாழைச்சேனைக்கு இதில் ஒரு கசப்பு உண்டு, ஏனென்றால் இது கடதாசி செய்த ஊர். 1956இல் இயங்கத் தொடங்கிய வாழைச்சேனைக் கடதாசி ஆலை சுற்றுவட்டார வயல்களின் வைக்கோலை மூலப்பொருளாக எடுத்தது. நெல் அறுத்த வயலின் மிச்சம் பாடசாலைப் பிள்ளையின் அப்பியாசக் கொப்பியாக மாறியது. போரும், நட்டமும், இறக்குமதித் தாளும் ஆலையை முடக்கின. மீண்டும் ஓடவைக்கும் முயற்சிகள் அவ்வப்போது நடக்கின்றன. ஆலையைப் பற்றி ஊரில் எவரிடமும் கேட்கலாம். ஒவ்வொருவருக்கும் சொல்ல ஒரு கதை இருக்கிறது. அந்தக் கதைகள் ஒழுங்காக எழுதப்பட்டு ஒரு நூலாகத் தட்டில் இருந்தால் அதைக் கேட்டு வருபவர் எண்ணிக்கை குறையாது.

வாங்கிய புத்தகம் தட்டுக்குப் போகும் முன் அதற்கு ஓர் எண் வேண்டும். இலங்கைப் பொது நூலகங்கள் பெரும்பாலும் மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசாம்சப் பகுப்பைப் பின்பற்றுகின்றன. அறிவு முழுவதையும் பத்து வகுப்பாகப் பிரித்து எண் கொடுக்கும் அந்த முறை ஓர் அமெரிக்கக் கல்லூரி நூலகத்தின் தேவையிலிருந்து பிறந்தது. அது அந்தத் தேவையோடு நின்றுவிடவில்லை என்பதே சிக்கல். சமயத்துக்கு ஒதுக்கிய 200 முதல் 299 வரையான எண்களில் 220 தொடங்கி 289 வரை கிறிஸ்தவத்துக்குப் போயிற்று. உலகின் ஏனைய சமயங்கள் அனைத்தும் 290களுக்குள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன: பௌத்தம் 294.3, இந்து சமயம் 294.5, இஸ்லாம் 297. தமிழரும் முஸ்லிம்களும் வாழும் வாழைச்சேனை போன்ற ஊரில் சமய நூல் தட்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே பத்துக்குள் அடைபட்டு, புள்ளிக்குப் பின்னால் எண்கள் நீண்டுகொண்டே போகும்.

தமிழ் இலக்கியத்துக்கு 894.811. கவிதையானால் 894.8111, நாவலும் சிறுகதையும் 894.8113. சென்னையில் எழுதினாலும் பக்கத்து ஊரான மீராவோடையில் எழுதினாலும் எண் ஒன்றே. பகுப்பு மொழியைப் பார்க்கும், ஊரைப் பார்க்காது. கல்கியும் ஜெயகாந்தனும் நிறைந்த தட்டில் உள்ளூர் எழுத்தாளரின் மெல்லிய நூல் கண்ணில் படாமலே போய்விடும். அதனால் ஈழத்து இலக்கியத்தைத் தனியாக எடுத்து, வாசலுக்கு நேரே அடுக்குகிறார்கள் பல நூலகர்கள். இது எண் ஒழுங்கை மீறுகிற காரியம்தான். ஆனால் சரியான மீறல்.

அந்தத் தட்டில் வைக்க இந்தப் பிரதேசத்துக்குப் போதுமான பெயர்கள் உண்டு. மீராவோடையைச் சேர்ந்த எஸ்.எல்.எம். ஹனீபாவின் ‘மக்கத்துச் சால்வை’ ஈழத்துச் சிறுகதையைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க முடியாத தொகுப்பு. கால்நடைத் துறையில் வேலை பார்த்தவர் அவர். மாடும் வயலும் காடும் அவர் கதைகளில் பின்னணியாக நிற்பதில்லை, பாத்திரங்களாகவே வருகின்றன. ‘புதிய தலைமுறைகள்’ எழுதிய வை. அஹ்மத் பெயரில் வாழைச்சேனையில் ஒரு பாடசாலையே இருக்கிறது. அந்தப் பாடசாலைப் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த நாவலைக் கையில் எடுத்திருக்கிறார்கள் என்பது நூலகரின் இரவல் பதிவேடு சொல்லக்கூடிய விஷயம். ‘உடைந்த கண்ணாடிகளில் மறைந்திருக்கும் குருவி’ தொகுப்பைத் தந்த ஓட்டமாவடி அறபாத் ஊரைப் பெயரோடே சுமக்கிறார். தென்பக்கம் வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகம் இந்த எழுத்துகளை ஆய்வுக்கு எடுக்கிறது. பொது நூலகத்தின் வேலை வேறு. தமிழ் வாசகர் ஹனீபாவையும், முஸ்லிம் வாசகர் பக்கத்து ஊர்த் தமிழ் எழுத்தாளரையும் சும்மா ஒரு பின்னேரத்தில் படிக்க அது வழி செய்ய வேண்டும். 1980களிலிருந்து இரு சமூகங்களுக்கும் இடையில் நடந்த வன்முறைகளை நினைத்தால் இது சின்னக் காரியமாகப் படாது.

இவ்வூர் எழுத்தாளர்களின் நூல்களில் பல புத்தகக் கடைக்கு வருவதே இல்லை. ஆசிரியர் தன் காசில் சில நூறு பிரதிகள் அச்சிடுவார், தேசிய நூலக சபையிடம் சர்வதேசத் தர நூல் எண் பெறுவார், ஒரு மண்டபத்தில் வெளியீட்டு விழா வைப்பார். வரவேற்புரை, தலைமையுரை, வெளியீட்டுரை, நயவுரை, ஏற்புரை என்று பின்னேரம் முழுவதும் நீளும். முதற்பிரதி வாங்குகிறவரும் சிறப்புப் பிரதி வாங்குகிறவர்களும் மேடையேறிப் படம் பிடித்துக்கொள்வார்கள். ஏற்புரை முடிவதற்குள் பாதி நாற்காலி காலியாகியிருக்கும். விற்பனை அன்றோடு ஏறக்குறைய முடிந்தது. மிச்சப் பிரதிகள் ஆசிரியர் வீட்டு அலுமாரிக்குப் போய்விடும். விழாவுக்குப் போன நூலகர் இரண்டு பிரதி வாங்கிவந்தால் அந்த நூல் பிழைத்தது. அவருக்கு அன்று வேறு வேலை இருந்தால், பத்து வருடம் கழித்து ஆய்வு மாணவர் ஒருவர் அதைத் தேடி ஆசிரியரின் பிள்ளைகளைத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருப்பார்.

ஒக்டோபர் இலங்கையில் தேசிய வாசிப்பு மாதம். கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி, கண்காட்சி என்று நூலகங்கள் களைகட்டும். சான்றிதழ் வாங்கிய பிள்ளைகளில் பலர் நவம்பரில் நூலகப் பக்கம் வருவதில்லை என்பது நூலகர்கள் தங்களுக்குள் வழக்கமாகச் சொல்லிக்கொள்ளும் முறைப்பாடு. மாதத்துக்கு ஒரு தடவை ஒரே நூலைப் படித்துவிட்டு வந்து பேசும் வாசகர் வட்டம் இதைவிடப் பலன் தரும். அதற்கும் ஒரு நோய் உண்டு. பிரமுகர் ஒருவர் வந்துவிட்டால் வட்டம் கூட்டமாகி, கூட்டம் மேடையாகி, நூலைப் படிக்காதவர்களே கூடுதல் நேரம் பேசுவார்கள். எட்டுப் பேரும் ஒரு தேநீர்க் கேத்தலுமாக நடக்கும் வட்டங்களே நீடிக்கின்றன.

கிழக்கில் நூலகர்கள் சேகரிப்பைப் பற்றிப் பேசினால் இழப்பைப் பேசாமல் முடிப்பதில்லை. 1978 நவம்பர் சூறாவளி மட்டக்களப்பு மாவட்டத்தைச் சிதைத்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கல்குடா, பாசிக்குடாக் கரைகளில் ஏறியது. இவற்றோடு கால் நூற்றாண்டுக்கு மேல் நீடித்த போர், இடப்பெயர்வு. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 ஜூன் முதல் நாளை ஒட்டி எரிக்கப்பட்டபோது அழிந்த ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் உலகம் அறிந்த கணக்கு. வீட்டு அலுமாரிகளில் நனைந்தும் எரிந்தும் போனவற்றுக்குக் கணக்கே இல்லை.

ஆகவே நூல் என்ற பெயரே பெறாத தாள்களையும் சேர்த்து வைக்கும் பழக்கம் நல்ல நூலகரிடம் உண்டு: கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளிவாசல் நினைவு மலர், பாடசாலைப் பொன்விழா மலர், விளையாட்டுக் கழக ஆண்டறிக்கை, ஒருவர் இறந்து 31ஆம் நாளில் குடும்பத்தார் அச்சிடும் கல்வெட்டு. கல்வெட்டில் வம்சாவளி இருக்கும், பிறந்த ஊரும் பார்த்த தொழிலும் பழைய புகைப்படமும் இருக்கும். கடதாசி ஆலையில் முப்பது வருடம் வேலை செய்த ஒருவரைப் பற்றி அச்சில் இருப்பது அது ஒன்றாகவே இருக்கலாம். இத்தகைய மலர்களையும் சிறு நூல்களையும் 2005 முதல் ‘நூலகம்’ எண்ணிம நூலகம் வருடி இணையத்தில் வைத்துவருகிறது. பிரித்தானியாவில் வாழும் நூலகர் என். செல்வராஜா 2002இல் தொடங்கிய ‘நூல்தேட்டம்’ ஒரு தொகுதிக்கு ஆயிரம் நூல் என்ற அளவில் ஈழத்தவரின் தமிழ் நூல்களைக் குறிப்புரையோடு பதிவுசெய்கிறது. இரண்டுக்குமே பிரதி வேண்டும். வாழைச்சேனையில் அச்சான ஒரு கல்வெட்டைப் பிரித்தானியாவிலிருந்து யாரும் தேடி எடுக்க முடியாது. பிரதேச சபை நூலகத்தில் அதை வாங்கி, திகதி போட்டு, உறையில் இட்டு, உசாத்துணைப் பகுதி அலுமாரியில் வைத்த பிறகே அது வருடிக்குப் போகிறது.