தினம் ஒரு கிண்ணம் தயிர்... எதற்கு? எதுவரை?

எங்கள் தெருவில் ஓர் அக்கா. வீட்டில் யாருக்குத் தலைவலி என்றாலும் துடித்துப்போவார். ஆனால் தன் உடம்பு என்றால் மட்டும் அலட்சியம். சில மாதங்களாக அடிக்கடி வயிற்றுப்போக்கு, மலத்தோடு ரத்தம். யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒருநாள் என்னிடம் வாய்தவறிச் சொன்னார். பதறிப்போய், "டாக்டரிடம் போனீர்களா அக்கா?" என்றேன்.

"அட, வெறும் சூடுடி! ரெண்டு நாள் மோரா குடிச்சா தன்னால அடங்கிடும்" என்று சிரித்தார்.

மோருக்கு அவ்வளவு சக்தி உண்டா? உண்டு. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. இரண்டையும் பார்ப்போமா?

ஒற்றை வரிசைச் சுவர்

நம் குடலின் உள்பக்கத்தை மூடியிருப்பது ஒரே ஒரு வரிசை செல்கள்தான். ஒற்றைச் செங்கல் வைத்துக் கட்டிய சுவர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதன்மேல் பூசினாற்போல் ஒரு வழவழப்பான படலம். சாப்பாட்டின் சத்தை உள்ளே விடவேண்டும்; கிருமிகளை வெளியே நிறுத்தவேண்டும். இந்த இரண்டு வேலையையும் இந்தச் சுவர்தான் செய்கிறது. உழைப்பு ஜாஸ்தி என்பதால், மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் பழைய செல்கள் உதிர்ந்து புதிய செல்கள் வந்துவிடுகின்றன.

செங்கற்களுக்கு நடுவே உள்ள பூச்சு தளர்ந்தால் என்ன ஆகும்? கிருமிகளின் துணுக்குகள் உள்ளே கசியும். உடனே உடம்பின் காவல் செல்கள் படையெடுத்து வரும். முள் குத்திய விரல் சிவந்து வீங்குகிறதே, அதுபோன்ற நிலைதான் இது. இதைத்தான் அழற்சி என்கிறார்கள்.

தயிர் செய்யும் வேலை

உறை ஊற்றிய பாலில் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் பெருகுகின்றன. பாலிலுள்ள சர்க்கரையை அவை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. தயிரின் புளிப்பு அதுதான். அந்தப் புளிப்பில் பல கெட்ட கிருமிகளால் பிழைக்க முடியாது. இவற்றில் சில வகைகள் செல்களுக்கு நடுவே உள்ள பிணைப்பை இறுக்குவதையும், காவல் செல்களின் ஆவேசத்தைத் தணிப்பதையும் சோதனைச்சாலைகளில் பார்த்திருக்கிறார்கள்.

தயிர் ஆராய்ச்சி புதிதல்ல. பல்கேரிய நாட்டுத் தயிரிலுள்ள நுண்ணுயிரை ஸ்டாமென் கிரிகொரோவ் என்ற மருத்துவ மாணவர் 1905-ல் ஜெனிவாவில் கண்டுபிடித்தார். பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றி, 1908-ல் நோபல் பரிசு பெற்ற மெட்சினிகாஃப், புளித்த பால் முதுமையைத் தள்ளிப்போடும் என்றே நம்பினார். அது நிரூபணமாகவில்லை. ஆனால் அவரால் தயிரின்மேல் உலகத்தின் கவனம் திரும்பியது.

சமீப காலத்துக்கு வருவோம். அமெரிக்காவில் விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தார், மாதவிடாய் நிற்காத 120 பெண்களை வைத்து ஒரு சோதனை செய்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப்பேருக்கு ஒன்பது வாரம் தினமும் சுமார் 340 கிராம் கொழுப்பு குறைந்த தயிர். மற்றவர்களுக்குப் பால் சேராத இனிப்பு. தயிர் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் அழற்சியின் சில அறிகுறிகள் குறைந்திருந்தன. பால் தொழில் சார்ந்த அமைப்பு இதற்குப் பண உதவி செய்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2021-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆராய்ச்சியில் 36 பேர் கலந்துகொண்டார்கள். அவர்களில் தயிர் முதலான புளிக்கவைத்த உணவுகளைப் பத்து வாரம் நிறையச் சாப்பிட்ட பிரிவினருக்கு, அழற்சியோடு தொடர்புள்ள 19 புரதங்கள் குறைந்தன. இரண்டிலும் கலந்துகொண்டவர்கள் நோயாளிகள் அல்ல என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

உங்கள் சமையலறையில்

* பாலை நன்றாகக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறியபின் உறை ஊற்றுங்கள். சூடு அதிகமாயிருந்தால் உறையிலுள்ள உயிர்கள் செத்துப்போகும்.

* ஆவி பறக்கும் சாதத்தில் தயிரைக் கொட்டாதீர்கள். ஆறவிட்டுப் பிசையுங்கள். மோர்க்குழம்பு ருசியானதுதான், ஆனால் கொதித்தபின் அதில் உயிருள்ள நுண்ணுயிர் இருக்காது.

* தயிரின் நுண்ணுயிர்கள் குடலில் நிரந்தரமாகக் குடியேறுவதில்லை. சில நாட்களில் புறப்பட்டுவிடும் விருந்தாளிகள்! ஆகவே, என்றோ ஒருநாள் நிறையச் சாப்பிடுவதைவிட, தினம் கொஞ்சம் சாப்பிடுவதே மேல்.

* ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குக் குழைத்த சாதத்தோடு ஓரிரு ஸ்பூன் புளிக்காத தயிர் தரலாம். ஒரு வயதுவரை உப்பு, சர்க்கரை வேண்டாம். பால் ஒவ்வாமை இருந்தால் தயிரும் கூடாது.

* குழந்தைக்குப் பேதி என்றால் மோரை மட்டும் நம்பாதீர்கள். உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம்தான் முதலில்.

* சில ஆன்டிபயாடிக் மாத்திரைகளைப் பால், தயிரோடு சேர்த்துச் சாப்பிடக்கூடாது. எவ்வளவு நேர இடைவெளி வேண்டும் என்று டாக்டரிடம் கேளுங்கள்.

சரி, நம் அக்கா என்ன ஆனார்?

கையைப் பிடித்து இழுக்காத குறையாக டாக்டரிடம் அழைத்துப்போனேன். குழாய் விட்டுப் பார்த்ததில் பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் இருப்பது தெரிந்தது. "இன்னும் முன்னாலேயே வந்திருக்கலாமேம்மா" என்றார் டாக்டர். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். இப்போது மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறார், நன்றாகவும் இருக்கிறார். டாக்டரின் சம்மதத்தோடு தட்டில் தயிர் சாதமும் உண்டு.

மலத்தில் ரத்தம், வாரக்கணக்கில் நீடிக்கும் வயிற்றுப்போக்கு, காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும் வயிற்றுவலி... இவற்றில் ஒன்று இருந்தாலும், கூச்சத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். தயிர் நல்ல காவல்காரன்தான், அவனை வைத்தியராக்கிவிடாதீர்கள்.

இன்று ராத்திரி எல்லோருக்கும் பரிமாறி முடித்தபின், பாத்திரத்தின் அடியில் மிஞ்சியதை வழித்துப் போட்டுக்கொள்ளாமல், உங்களுக்கென்று ஒரு கிண்ணம் தயிரை முதலிலேயே எடுத்து வையுங்கள். செய்வீர்கள்தானே?